ஸ்டேட் தெரு மூலைக்கடை: சிகாகோவின் சல்லிவன் கட்டடத்து அலங்காரங்களைப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

பழைய வணிகக் கட்டடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராக வாசலுக்குப் போவார்கள். வேலைப்பாடு எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சிகாகோவில் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் மூலையில் நிற்கும் கார்சன் பிரி ஸ்காட் கட்டடத்தை அப்படிப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். அலங்காரம் எங்கே கொட்டிக் கிடக்கிறது என்பதோடு எங்கே வந்ததும் சட்டென்று நின்றுபோகிறது என்பதையும் அங்கே கவனிக்க வேண்டும். அந்த எல்லைக்கோட்டில்தான் கடை முதலாளியின் கணக்கும் கட்டடக்கலைஞரின் புத்தியும் சேர்ந்து தெரிகின்றன.

அதனால் இந்த வழிகாட்டி தூரத்தில் தொடங்கிக் கிட்டே வருகிறது. இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒரு சிறிய பைனாகுலர், கோடு போடாத நோட்டு, பென்சில், ஒரு டார்ச், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்று. இவ்வளவு போதும்.

கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

கட்டடத்தைக் கட்டச் சொன்னது கார்சன் பிரி ஸ்காட் நிறுவனம் அல்ல. ஷ்லெசிங்கர் அண்ட் மேயர் என்ற துணிக்கடைக்காக லூயிஸ் சல்லிவன் வடிவமைத்தது இது. மேடிசன் தெருப் பக்கம் ஒன்பது மாடிகளோடு முதல் பகுதி 1899இல் எழுந்தது. மூலையையும் ஸ்டேட் தெருவின் ஒரு பகுதியையும் சேர்த்துப் பன்னிரண்டு மாடிப் பெரிய பகுதி 1903–04இல் வந்தது. கட்டி முடித்த கையோடு கடை கைமாறியது. 1904இல் ஹாரி கோர்டன் செல்ஃப்ரிட்ஜ் வாங்கினார். சில மாதங்களிலேயே கார்சன் பிரி ஸ்காட்டுக்கு விற்றுவிட்டு வெளியேறினார். லண்டனில் 1909இல் செல்ஃப்ரிட்ஜஸ் கடையைத் திறந்தவர் இவரேதான். கார்சன் நிறுவனம் அங்கே 2007 வரை வியாபாரம் செய்ததால் அந்தப் பெயரே ஊர் வாயில் நிலைத்தது. இப்போது அதிகாரபூர்வப் பெயர் சல்லிவன் சென்டர். 2012 முதல் கீழ்த்தளங்களில் டார்கெட் கடை நடக்கிறது.

இரண்டு மாடி உயரத்துக்கு இரும்பில் இவ்வளவு வேலைப்பாடு எதற்கு? ஸ்டேட் தெரு அப்போது சிகாகோவின் கடைத்தெருக்களிலேயே போட்டி மிகுந்தது. சற்று வடக்கே மார்ஷல் ஃபீல்ட் கடை கோலோச்சிக்கொண்டிருந்தது. நடைபாதையில் போகும் பெண்களைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்துவதுதான் வியாபாரத்தின் முதல் படி. சல்லிவனிடம் கேட்கப்பட்ட வேலை அதுதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதல் படி: எதிர்மூலையில் நிற்பது

ரெட் லைன் ரயிலில் வந்தால் மன்றோ நிறுத்தத்தில் இறங்கி ஸ்டேட் தெருவில் வடக்கே நடங்கள். கட்டடம் சந்திப்பின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. நீங்கள் வடமேற்கு மூலைக்குப் போய் நில்லுங்கள். சிகாகோ நகரத்துக் கதவிலக்கங்கள் எல்லாம் இந்தச் சந்திப்பிலிருந்துதான் நான்கு திசையிலும் எண்ணப்படுகின்றன. நகரமே தன்னை அளக்கத் தொடங்கும் இடம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொள்ளுங்கள்.

எந்த நேரத்தில் போவது என்பதும் முக்கியம். ஸ்டேட் தெரு வடக்கு–தெற்காக ஓடுகிறது. ஆகவே அந்தப் பக்கச் சுவர் மேற்கைப் பார்த்தது. வெயில் பிற்பகலில்தான் அதன்மேல் விழும். மேடிசன் பக்கம் வடக்கு நோக்கியது. ஆண்டின் பெரும்பகுதி நேர் வெயிலே படாது. புடைப்பு வேலைப்பாட்டுக்குச் சாய்வெயில்தான் உயிர். கோடைப் பிற்பகலில், எதிர்வரிசைக் கட்டடங்களின் நிழல் ஏறுவதற்கு முன்னால் போனால் ஸ்டேட் பக்கத்து இலையும் கொடியும் கறுத்த நிழலோடு மேலெழுந்து நிற்கும். நண்பகலிலோ மேகமூட்டத்திலோ போனால் அதே சுவர் தட்டையாக இருக்கும்.

இங்கே நின்றபடி நோட்டில் மூன்று பட்டைகள் வரையுங்கள். கீழே இரண்டு மாடி கரும்பச்சை இரும்பு. நடுவே வெள்ளைச் சுடுமண் ஓடு போர்த்திய சன்னல் வரிசைகள். உச்சியில் உள்வாங்கிய மாடியும் அதன்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கூரைவிளிம்பும். மூலையை மட்டும் தனியாக ஒரு உருளையாக வரைந்துகொள்ளுங்கள். அது மற்றச் சுவரோடு சேராமல் தன் போக்கில் மேலே ஏறும்.

இரண்டாம் படி: நடுமாடிகளின் அமைதி

அலங்காரம் பார்க்க வந்தவரை முதலில் அலங்காரமில்லாத இடத்தைப் பார்க்கச் சொல்வது வேண்டுமென்றேதான்.

பைனாகுலரை எடுத்து நான்காம், ஐந்தாம் மாடிச் சன்னல்களைப் பாருங்கள். நடுவில் திறக்காத அகலக் கண்ணாடி, இருபுறமும் திறந்து மூடும் ஒடுக்கமான கண்ணாடிகள். இந்த ஊரில் பிறந்து ‘சிகாகோ சன்னல்’ என்று பெயர் வாங்கிய அமைப்பு இது. பாரத்தை எஃகுச் சட்டகம் சுமப்பதால் சுவருக்குத் தாங்கும் வேலை இல்லை. எனவே தூணிலிருந்து தூண் வரைக்கும் முழு இடைவெளியையும் கண்ணாடிக்குக் கொடுக்க முடிந்தது. துணி வாங்க வருபவர் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும், காற்றும் வரவேண்டும் என்ற காலத்துக் கடைக்கு வேறென்ன வேண்டும்?

இப்போது சன்னல் விளிம்பை உற்றுப் பாருங்கள். வெறும் சுவர் என்று நினைத்த இடத்தில், சன்னலைச் சுற்றிய உள்மடிப்பில், ஒல்லியான வேலைப்பாட்டுப் பட்டை ஒன்று ஓடும். மாடிகளைப் பிரிக்கும் கிடைக்கோடுகளிலும் மெல்லிய பட்டைகள் உண்டு. தெருவிலிருந்து வெறும் கண்ணுக்கு அவை ஒரு நிழற்கோடு மட்டுமே. சல்லிவனுக்கு அந்த நிழற்கோடுதான் தேவைப்பட்டது. பார்வையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போக அது போதும்.

சல்லிவனே பஃபலோ நகரில் டாங்க்மர் ஆட்லரோடு சேர்ந்து 1896இல் முடித்த பதின்மூன்று மாடி கேரண்டி கட்டடத்தில் கோடுகள் எல்லாம் செங்குத்தாக மேலே பாயும். சுடுமண் அலங்காரம் அடியிலிருந்து உச்சி வரை சுவர் முழுக்கப் போர்த்தியிருக்கும். அது அலுவலகக் கட்டடம், அறை அறையாகப் பிரிந்தது. இது கடை, ஒவ்வொரு மாடியும் ஒரே பெரிய கூடம். உள்ளே இருப்பது கிடையாக விரிவதால் வெளியிலும் கோடு கிடையாக ஓடுகிறது. ‘வடிவம் எப்போதும் செயலைப் பின்தொடரும்’ என்று 1896இல் எழுதியவரும் இவர்தான். அந்த வாசகத்தை அலங்காரத்துக்கு எதிரான கோஷமாக்கிக்கொண்ட பிற்கால நவீனத்துவ விமர்சகர்கள் இந்த நடுமாடிகளைக் கொண்டாடிவிட்டுக் கீழ்த்தளத்து இலைகொடிகளைச் சங்கடத்தோடு கடந்துபோனார்கள். கீழும் மேலும் ஒரே கேள்விக்கான பதில் என்பது என் கட்சி: எந்த உயரத்தில் யார் பார்க்கிறார்கள்? நடைபாதையில் கண்மட்டத்தில் பார்ப்பவருக்கு அலங்காரம். ஐந்தாம் மாடியில் துணி பார்ப்பவருக்கு வெளிச்சம்.

மூன்றாம் படி: தையலைக் கண்டுபிடிப்பது

இது விளையாட்டு மாதிரியான படி. அவசரமென்றால் தாண்டிவிடலாம், ஆனால் செய்தால் கண் கூர்மையாகும். ஸ்டேட் தெருப் பக்கச் சுவர் முழுக்கச் சல்லிவனுடையது அல்ல. தெருவின் தென்கோடிக்குப் போய், அங்கிருந்து வடக்கே சன்னல் அங்கணங்களை, அதாவது தூணுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள பகுதிகளை, எண்ணி வாருங்கள். முதல் மூன்று, ஹோலபேர்ட் அண்ட் ரூட் நிறுவனம் 1960–61இல் சேர்த்தவை. அடுத்த ஐந்து, டேனியல் பர்னமின் நிறுவனம் 1906இல் சேர்த்தவை. அதற்கப்பால் மூலை வரைக்கும் சல்லிவன். மேடிசன் பக்கத்தில் சோதனை இன்னும் எளிது: ஒன்பது மாடியோடு நின்றுவிடும் மூன்று அங்கணங்கள்தான் 1899இன் முதல் பகுதி.

பிறகு வந்தவர்கள் சல்லிவனின் முகப்பையே பின்பற்றிக் கட்டினார்கள். பர்னம் நினைத்திருந்தால் தன் பாணியில் ஒன்றை ஒட்டியிருக்கலாம். அதைச் செய்யாமல் போட்டியாளரின் வரியைத் தொடர்ந்து எழுதியது பெரிய மரியாதை. சன்னல் உள்மடிப்புப் பட்டைகளையும் இரும்பின் புடைப்பு ஆழத்தையும் பகுதிக்குப் பகுதி ஒப்பிட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இரும்பின் கிட்டே

இப்போது சாலையைக் கடந்து வாருங்கள். இங்கேதான் நேரம் செலவாகும்.

முதலில் பொருளை உறுதிசெய்துகொள்வோம். பழைய வணிகக் கட்டடங்களில் கல் என்று நினைப்பது சுடுமண்ணாக இருக்கும். வெண்கலம் என்று நினைப்பது பெயின்ட் பூசிய இரும்பாக இருக்கும். கீழ்த்தளத்துப் பலகையில் காந்தத்தை மெல்ல வையுங்கள், ஒட்டிக்கொள்ளும்: வார்ப்பிரும்பு. (சுரண்டவோ தட்டவோ கூடாது; பெயின்ட்டும் இந்தக் கட்டட வரலாற்றில் ஒரு பகுதிதான்.) காந்தம் இல்லாமலும் அடையாளம் காணலாம். வார்ப்பிரும்பில் துண்டுக்குத் துண்டு மயிரிழை இணைப்பு இருக்கும். தண்ணீர் புகுந்த இணைப்பில் துருக்கறை கசியும். சுடுமண் ஓடுகளுக்கு இடையே சாந்து பூசிய இணைப்பு தெரியும். மெருகில் சிலந்திவலை போன்ற வெடிப்பு ஓடியிருக்கலாம். கல்லில் மணிக்கட்டமைப்பு தெரியும், ஒரு இலை இன்னொன்றைப் போல அச்சாக இருக்காது. அச்சு அசலாக ஒரே இலை திரும்பத் திரும்ப வந்தால் அது வார்த்ததோ அச்சில் அழுத்தியதோதான்.

வார்ப்பு எப்படி நடக்கும் என்று தெரிந்திருப்பது உதவும். வரைபடத்திலிருந்து ஒரு மாதிரி உருவைச் செய்வார்கள். அதைப் பதமான மணலில் அழுத்தி எடுத்தால் குழி விழும். அந்தக் குழியில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் சுருங்கும் என்பதால் மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்யவேண்டும். சுடுமண்ணில் சுருக்கம் இன்னும் அதிகம். உலர்ந்து சூளையில் வெந்து வருவதற்குள் அடிக்கு ஓர் அங்குலம் வரை குறையும். சுருங்கிய பிறகும் பக்கத்துத் துண்டோடு கொடி முறியாமல் பொருந்தவேண்டும். வார்ப்பு வேலையைச் செய்தது சிகாகோவின் வின்ஸ்லோ பிரதர்ஸ் பட்டறை. சல்லிவனின் மனத்தில் இருந்ததை விரிவான வரைபடங்களாக்கியதில் அவருடைய தலைமை வரைவாளர் ஜார்ஜ் கிராண்ட் எல்ம்ஸ்லிக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தக் கட்டடத்தின் அலங்காரத்தைச் சல்லிவன் ஒருவருடைய கைவேலையாகப் பேசுவது எல்ம்ஸ்லிக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்து, ஒரே ஒரு பலகையைத் தேர்ந்தெடுத்து அதன்முன் நில்லுங்கள். முழு முகப்பையும் ஒரே மூச்சில் பார்க்க முயன்றால் கண் வழுக்கிக்கொண்டே போகும். கோயில் தூணில் கொடிக்கருக்கு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே பாதி வேலை மிச்சம். கொடி எங்கே முளைக்கிறது, எந்தப் பக்கம் சுருள்கிறது, சுருளுக்குள் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று தேடும் அதே வரிசையைப் பின்பற்றுங்கள்.

சல்லிவன் பலகையில் பொதுவாக மூன்று அடுக்குகள் இருக்கும். அடியில் வடிவியல்: வட்டம், சதுரம், கூர்முனை நீள்வட்டம், ஒன்றோடொன்று பின்னிய பட்டைகள். அதன்மேல் ஒல்லியான கொடிகள் அந்த வடிவியலையே பந்தலாகப் பிடித்துக்கொண்டு ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே முள்விளிம்பு கொண்ட தடித்த இலைகள் சுருண்டு, தளத்தை விட்டே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; இடையிடையே விதைக்காய், மொட்டு. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மெல்ல நகர்த்தினால் மூன்று அடுக்கும் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். மேடிசன் பக்க நிழலில் இந்த டார்ச் வித்தை நன்றாகவே பலிக்கும்.

நோட்டில் வரையும்போதும் அதே வரிசைதான். முதலில் வட்டமும் சதுரமும், பிறகு கொடி, கடைசியில் இலை. இலையிலிருந்து தொடங்கினால் குழம்பிவிடுவீர்கள். சல்லிவன் தன் கடைசிக் காலத்தில் வரைந்து 1924இல் வெளியான படத்தொகுப்பிலும் இதே பாதைதான்: எளிய சதுரம் ஒன்றை எடுத்து, அதன் அச்சுகளைக் குறித்து, அதிலிருந்து ஒரு விதை முளைப்பதுபோல் இலைகளை வளர்த்துக்கொண்டே போவார். பொருள் உயிரற்றது, மனிதன் அதற்கு உயிர் ஊட்டுகிறான் என்பது அவருடைய நம்பிக்கை. தத்துவம் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. வரையும் முறையாகவே அது பயன்படும்.

காட்சிச் சன்னல்களைச் சுற்றி ஒரு நிமிடம் நில்லுங்கள். அலங்காரம் கண்ணாடியின் விளிம்போடு நின்றுவிடுகிறது, உள்ளே ஓர் இலைகூட நுழைவதில்லை. கடையின் பொருளுக்கு இந்த இரும்பு ஒரு படச்சட்டம். நடுவில் இருப்பது தங்கநகையா பிளாஸ்டிக் வாளியா என்பது அதற்குப் பொருட்டல்ல.

ஐந்தாம் படி: நிறத்தைப் பார்ப்பது

தூரத்திலிருந்து கரும்பச்சை என்றோம். கிட்டே வந்தால் அது ஒரே நிறம் இல்லை என்று தெரியும். அடியில் சிவப்பு, மேலே பச்சை. குழிவுகளிலும் விளிம்புகளிலும் சிவப்பு எட்டிப்பார்க்கும். வெண்கலம் பல ஆண்டுகள் காற்றில் நின்று களிம்பு ஏறிய தோற்றம் வரவேண்டும் என்பதற்காகத் திட்டமிட்ட பூச்சு. பல தடவை ஒரே நிறமாகப் பெயின்ட் அடித்து மறைந்திருந்த இதை, ஜான் வின்சி 1970களின் இறுதியில் நடந்த சீரமைப்பில் மீட்டார். 2000களின் பிற்பகுதியில் ஹார்போ நிறுவனம் இரும்பு முழுவதையும் மறுபடி செப்பனிட்டது.

இரும்பை வெண்கலமாக வேடம் போடவைத்தது ஏமாற்றுவேலை இல்லையா என்று கறாரானவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். வெண்கலத்தில் இரண்டு மாடி போர்த்தப் பணம் கொடுக்கும் துணிக்கடை எந்த ஊரிலும் இல்லை. அந்தக் கணக்குக்குள் நின்றுகொண்டுதான் இந்த வேலை நடந்திருக்கிறது.

ஆறாம் படி: மூலை வாசல்

உருளை மூலையை இவ்வளவு நேரம் ஒத்திப்போட்டது ருசிக்காகத்தான். இரண்டு தெருக்களிலிருந்தும் நடந்து வருபவர்களின் பார்வை முடியும் இடம் என்பதால் அலங்காரம் இங்கே உச்சத்துக்குப் போகிறது. சுவர்களில் கிடையாக ஓடிய கோடுகள் இங்கே வந்ததும் செங்குத்தாக நிமிர்ந்துகொள்கின்றன. ஒல்லித் தூண்கள் உயரே இழுக்கின்றன. வாசல்களுக்கு மேலே இரும்பு, சரிகைபோல் துளையிட்டு நிற்கும். அந்த நெருக்கத்துக்குள் எல்.எச்.எஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள்: லூயிஸ் ஹென்றி சல்லிவனின் முதலெழுத்துகள். இலைகளோடு இலையாகப் பின்னிக் கிடப்பதால் முதல் பார்வையில் சிக்காது. பைனாகுலரை வைத்து இடமிருந்து வலமாகப் பட்டை பட்டையாகத் துழாவுங்கள். எங்கே என்று சொல்லிவிட்டால் சுவை போய்விடும்.

வாசல் வழியாக உள்ளே போங்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். உள்ளே போனதும் பொருட்களைப் பார்க்காமல் தூண்களின் தலைப்பகுதியைப் பாருங்கள். வெளியே இரும்பில் கண்ட இலைகள் அங்கே வேறு அளவில் வந்திருக்கும். டார்கெட்டின் சிவப்பு வட்டக்குறி முகப்பு இரும்பில் அறையப்படாமல் கண்ணாடிக்கு உட்புறமாகவே நிற்பதையும் கவனியுங்கள். பழைய முகப்புகளில் ஆணியடித்துப் பெயர்ப்பலகை மாட்டும் எல்லாக் கடைக்காரர்களும் ஒருமுறை வந்து பார்க்கவேண்டிய காட்சி அது.

ஏழாம் படி: மீண்டும் எதிர்ப்புறம், இம்முறை உச்சிக்கு

சாலையைத் தாண்டிப் பன்னிரண்டாம் மாடியைப் பாருங்கள். அது சுவரிலிருந்து சற்று உள்வாங்கியிருக்கும்; அதன்மேல் கூரைவிளிம்பு நிழல் போடும். நீங்கள் பார்ப்பது பழையது அல்ல. மூல விளிம்பை 1940களின் இறுதியில் அகற்றிவிட்டு மொட்டையாக விட்டிருந்தார்கள். அரை நூற்றாண்டுக்குமேல் கட்டடம் தொப்பியில்லாமல்தான் நின்றது. பழைய புகைப்படங்களையும் வரைபடங்களையும் வைத்து 2006 வாக்கில் அதைத் திரும்பக் கட்டினார்கள். பழைய முகப்பு எதைப் பார்த்தாலும் உச்சியில் கோடு திடீரென்று தட்டையாக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் விளிம்பை இழந்த கட்டடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படம் எடுப்பது பற்றிச் சுருக்கமாக

கிட்டே நின்று கைப்பேசியை அண்ணாந்து பிடித்தால் கோடுகள் எல்லாம் மேலே போய் ஒன்றுசேர்ந்துவிடும். எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய், கைப்பேசியைச் செங்குத்தாக வைத்து, ஜூம் செய்யுங்கள். பலகைகளை நேர் எதிரே ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் என்று ஜோடியாக எடுத்தால்தான் புடைப்பின் ஆழம் பிறகு நினைவுக்கு வரும். பலகையின் ஓரத்து இணைப்புக்கோடும் படத்தில் விழட்டும்; திரும்ப வரும் துண்டின் அளவு அதில்தான் இருக்கிறது.

நேரம் மிச்சமிருந்தால்

ஸ்டேட் தெருவிலேயே வடக்கே ஒரு சிறு நடையில் வாஷிங்டன் தெரு முனையில் 1895இல் முடிந்த ரிலையன்ஸ் கட்டடம் இருக்கிறது. வெள்ளைச் சுடுமண்ணை அங்கே முழுக் கட்டடத்துக்கும் போர்த்தியிருக்கிறார்கள். கார்சன் நடுமாடிகளோடு ஒப்பிட நல்ல ஜோடி. மிச்சிகன் அவென்யூவில் கேஜ் கட்டடத்துக்கு 1899இல் சல்லிவன் செய்த முகப்பும் நடைதூரம்தான்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் வேறொரு பக்கம் அனுப்புவேன். மன்றோ தெருவில் கிழக்கே நடந்து கொலம்பஸ் டிரைவ் முனைக்குப் போனால், ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டின் ஓரமாக ஒரு வளைவு தனியாக நிற்கும். ஆட்லரும் சல்லிவனும் கட்டிய பழைய சிகாகோ பங்குச்சந்தையின் நுழைவாயில் அது. கட்டடத்தை 1972இல் இடித்தார்கள். அலங்காரத் துண்டுகளைக் காப்பாற்ற இடிபாட்டுக்குள் போய்வந்துகொண்டிருந்த புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல், அந்த ஏப்ரலில் அதற்குள்ளேயே சிக்கி இறந்தார். பங்குச்சந்தையின் வர்த்தகக் கூடத்தை அருங்காட்சியகம் 1977இல் உள்ளே மீண்டும் அமைத்தது. அதைப் பார்க்க நுழைவுச்சீட்டு வேண்டும், வெளியே நிற்கும் வளைவுக்கு வேண்டியதில்லை. கார்சன் பலகையில் வரைந்த அதே மூன்று அடுக்குகளை இந்த வளைவின் சுடுமண்ணில் தேடி, நோட்டில் அடுத்த பக்கத்தில் வரைந்துகொள்ளுங்கள். பத்தாண்டு இடைவெளியில் அவருடைய இலைகள் எவ்வளவு துணிந்து வெளியே நீட்டத் தொடங்கின என்பது இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்தால் தெரிந்துவிடும்.